எடைமேடைக்காரரின் முதலாமாண்டுப் பொருளியல்

பிப்ரவரி 4

அன்பு மருமகளே,

இந்த உலகத்தில் ஒருவரும் நம்பப்போகாத ஒரு கதையை உனக்கு எழுதப்போகிறேன் என்று, முழுச் சுயநினைவோடும், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமலும், இடது காலில் செருப்பு இல்லாமலும் (நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது) இதன் மூலம் உறுதி கூறுகிறேன். நீ நம்ப வேண்டாம். நம்பிவிட்டால் எனக்குத்தான் கௌரவக் குறைச்சல். இத்தனை வருடமாகப் பாடுபட்டுச் சேர்த்த பெயர் ஒரே நாளில் போய்விடும்.

கதை இதுதான். உன் தாய்மாமனாகிய நான், ஐம்பத்தொரு வயதில், பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டு மாணவன்.

சிரித்து முடித்துவிட்டாயா? தண்ணீர் குடி. மேலே படி.

தபால் வழிப் படிப்பு. இரண்டு வருடத்துக்கு முன்னால் யாருக்கும் தெரியாமல் சேர்ந்தேன். மற்ற பாடங்களை எல்லாம் ஊதித் தள்ளிவிட்டேன். மொழிப்பாடத்தில் என் கட்டுரையைத் திருத்திய ஆசிரியர் பேனாவை மூடி வைத்துவிட்டு, இனி திருத்த ஒன்றுமில்லை என்று ஓய்வு பெற்றுக்கொண்டதாகக் கேள்வி. பொருளியல் ஒன்றுதான் மிச்சம். முதல் தடவை அது என்னை வீழ்த்தியது. இரண்டாம் தடவை புதைத்து, மேலே செடியும் நட்டது. வருகிற ஏப்ரலில் மூன்றாவது தடவை. அதிலும் தோற்றால் என் பதிவே ரத்து. அதுதான் கடைசி.

எதற்கு இந்த வேலை என்று கேட்பாய். நான் கட்டி ஆளும் சாம்ராஜ்யம் உனக்குத் தெரியும். சிமெண்ட் ஆலை வாசலில் எடைமேடைக் கூண்டு. கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் குலுக்கிவிட்டுப் போகும். லாரி காலியாக வரும், எடை போடுவேன். லோடு ஏற்றித் திரும்பி வரும், மறுபடி எடை போடுவேன். கழித்தல் கணக்கைக்கூட மெஷினே போட்டுக்கொள்ளும். நான் அங்கே எதற்கு என்று மெஷினுக்கே பல நாள் சந்தேகம். இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது.

மாடியில் சரக்கு அனுப்பும் பிரிவில் ஜூன் மாதம் ஒரு நாற்காலி காலியாகிறது. மேனேஜரிடம் போய் நின்றேன். "ஒரு வருஷப் படிப்பாவது பாஸ் பண்ணியிருக்கணும்யா. ரூல் அது. உன்னை எனக்குப் பிடிக்கும், ரூலுக்குப் பிடிக்கணுமே!" என்றார். அதற்கடுத்த நாற்காலி காலியாகும்போது நான் பல்செட் மாட்டியிருப்பேன்.

நீ போன வருடம் இதே பாடத்தில் வகுப்பிலேயே முதலாக வந்தவள். எனக்குச் சொல்லிக்கொடு. போன் மட்டும் பண்ணாதே. அடுத்த வீட்டிலிருந்து உன் அம்மா ஓடி வந்து ஸ்பீக்கரில் போட்டு வீதிக்கே கேட்க வைப்பாள்.

இப்படிக்கு,
முதலாமாண்டு மாணவர்களிலேயே முதன்மையான வழுக்கையுடைய
உன் மாமா

*

பிப்ரவரி 11

மாமாவுக்கு,

நம்பவில்லை. அதனால் அத்தைக்குப் போன் பண்ணினேன். "ஆமாம்மா, நிஜந்தான். ரெண்டு வருஷமா அந்தப் புஸ்தகத்தைத் தலைக்கு வெச்சுத் தூங்குறார். ராத்திரியில தானா உள்ளே இறங்கிடும்னு நம்பிக்கை" என்றார்.

சரி, சொல்லித்தருகிறேன். ஆனால் கடிதத்தில்தான். போன் வேண்டாம் என்று நீங்கள் சொன்னதற்காக அல்ல. பரீட்சையில் மூன்று மணி நேரம் பேனா பிடிக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் கடைசிப் பத்திக்கு வரும்போதே எழுத்தெல்லாம் கால் தடுக்கி விழுந்து கிடக்கிறது. வாரம் ஒரு கடிதம், கையால், நீளமாக. அதுவே பயிற்சி.

எனக்கும் ஏப்ரலில் இரண்டாமாண்டுப் பரீட்சை இருக்கிறது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். விடுதி அறையில் நாங்கள் மூன்று பேர். ஒருத்தி நடந்துகொண்டே உரக்கப் படிப்பாள், இன்னொருத்தி அதைக் கேட்டுக்கொண்டே அழுவாள். நான் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து உங்களுக்கு வரைபடம் போட்டு அனுப்புகிறேன். தேவைக்கோடு சிவப்பு, அளிப்புக்கோடு நீலம், சமநிலை பச்சை.

அடுத்த கடிதத்தில் இரண்டு விடைகள் வேண்டும். வாய்ப்புச் செலவு என்றால் என்ன? குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதியை விளக்குக. முதலாவது மூன்று வரி. மூன்றுதான், மாமா. முப்பது இல்லை.

உங்கள் மருமகள்

*

பிப்ரவரி 20

என் ஆசிரியப் பெருந்தகையே,

புத்தகத்தைத் திறந்தேன். திறந்ததும் எழுந்து நின்று வணங்கினேன். இத்தனை நாள் புளுகுவதில் எனக்கு இணை இல்லை என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். என் வம்சத்தார் எல்லாரும் இந்தப் புத்தகத்துக்குள் அல்லவா குடியிருக்கிறார்கள்! "பிற காரணிகள் எல்லாம் மாறாதிருக்கும்போது" என்கிறார்கள். எந்த ஊரில்? எந்தத் தெருவில்? நான் டீக்கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் நாலு காரணி மாறிவிடுகிறது. "நுகர்வோர் எல்லாருக்கும் எல்லா விலையும் தெரியும் என்று கொள்வோம்." கொண்டேன் ஐயா, கொண்டேன்! நான் இப்படி ஒரு வரி சொன்னால் "மாமா கதை விடுறார்" என்கிறீர்கள். அவர்கள் சொன்னால் பாடம்.

சமநோக்கு வளைகோடு என்று ஒன்று. அதன்மேல் நிற்கும் மனிதனுக்கு இதுவானாலும் சரி, அதுவானாலும் சரி, ஒரே திருப்தியாம். உன் அத்தையிடம் படித்துக் காட்டினேன். "எதுவானாலும் சரின்னு சொல்ற ஆம்பளையை நான் இன்னும் பாக்கலை. இருந்தா முகவரி வாங்கி வைங்க" என்றாள்.

நிற்க. விடைகள்.

வாய்ப்புச் செலவு: ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிடப்படும் அடுத்த சிறந்த ஒன்றே அதன் வாய்ப்புச் செலவு. (பார், ஒரே வரி! மிச்ச இரண்டு வரியை அடுத்த விடைக்குக் கடன் கொடுத்துவிட்டேன்.)

குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி: எங்கள் எடைமேடைக்கு ஒரு டிரைவர் வருவார். ஆறரை அடி உயரம். அவர் லாரியை விட்டு இறங்கினால் லாரியின் எடை பாதியாகும். அவர் ஒருநாள் முதல் டீயைக் குடித்துவிட்டு ஆனந்தக் கண்ணீர் விட்டார். இரண்டாவதுக்குப் புன்னகைத்தார். நாலாவதுக்கு முகம் சுளித்தார். ஏழாவது டீயை நீட்டிய கடைக்காரரைத் துரத்திக்கொண்டு ஆலையை மும்முறை சுற்றினார். பதினைந்தாவது டீயில் அவர் தோளில் இலை துளிர்த்தது. இன்று அவர் ஒரு மலைச்சரிவில் தேயிலைச் செடியாக நிற்கிறார். ஆகவே விதி நிரூபிக்கப்பட்டது.

உன் வரைபடங்கள் பிரமாதம். சமநிலைப் புள்ளி மூளியாக இருந்தது, ஒரு மீசை வைத்திருக்கிறேன்.

மாமா

*

மார்ச் 1

மாமாவுக்கு,

பூஜ்யம்.

தேயிலைச் செடியை அறையில் படித்துக் காட்டினேன். அழுகிறவள்கூடச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் திரும்பப் படித்தேன், கோபம் வந்தது.

"ஒரு பொருளை அடுத்தடுத்து நுகரும்போது ஒவ்வொரு கூடுதல் அலகிலிருந்தும் கிடைக்கும் பயன்பாடு குறைந்துகொண்டே செல்லும்." இது ஒரு வாக்கியம். இதைத்தான் திருத்துகிறவர் தேடுவார். உங்கள் விடையில் இதைத் தவிர மற்ற எல்லாம் இருக்கிறது. மூன்று நிறத்தில் நான் வரைந்ததற்கு மீசை வைக்கிறீர்கள். என் படிப்பு விடுமுறையில் இரண்டு நாள் அது.

ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு உண்மையிலேயே பாஸாக வேண்டுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோற்றால் சொல்வதற்கு ஒரு நல்ல கதை கிடைக்கும், அதற்காகவே பரீட்சை எழுதுகிறீர்கள் என்று தோன்றுகிறது. இரண்டு தடவை புதைத்தார்கள், செடி நட்டார்கள் என்று எழுதும்போது உங்களுக்குக் குஷியாகத்தான் இருந்திருக்கும். அம்மா சொல்வது சரி போலிருக்கிறது. "அவன் அந்தக் கூண்டுக்குள்ளேயே பேசிப் பேசிக் கிழவனாகப் போறான்."

இதற்கு மேல் எழுத எனக்கு நேரமில்லை.

*

மார்ச் 14

மருமகளே,

கடிதம் வந்தது. பதில் எழுத நாளாகிவிட்டது.

உன் அம்மா சொன்னது தப்பில்லை. ஆனால் பேசிப் பேசி என்பது மட்டும் சரியில்லை. கூண்டுக்குள் பேச்சே கிடையாது. என் ஜன்னலில் லாரியின் டயர் மட்டும் தெரியும். டிரைவர் முகம் தெரியாது. மேலேயிருந்து ஒரு கை இறங்கும். மெஷினிலிருந்து வருகிற சீட்டை நடுவில் கிழித்து ஒரு பாதியை அந்தக் கையில் வைப்பேன். மறு பாதி கம்பியில் குத்த. "எவ்வளவு?" என்று ஒரு குரல் கேட்கும். எண்ணைச் சொல்வேன். கை மேலே போய்விடும். டயர் நகரும். அடுத்த டயர் வரும்.

தூசு வரும் என்று கதவை மூடியே வைக்க வேண்டும். தூசு பறக்கும் என்று மின்விசிறியும் போடக் கூடாது. சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தலையைத் துவட்டினால் துண்டு சாம்பல் நிறமாகிவிடும். இந்த நாளும் நேற்றைய நாளும் வேறுவேறு என்று சொல்ல, சீட்டில் அடித்திருக்கிற தேதியைத் தவிர என்னிடம் ஆதாரம் கிடையாது.

அந்த இடத்துக்குள் எதையாவது பெரிதாக்கிக்கொண்டே இருந்தாக வேண்டும், மருமகளே. இல்லாவிட்டால் நான் சின்னதாகிக்கொண்டே போகிறேன். ஆறரை அடி டிரைவர் கிடையாது. நான் பார்த்தது ஒரு கை.

எனக்குப் பாஸாக வேண்டும்.

விடையை மறுபடி எழுதி இணைத்திருக்கிறேன். வரைபடத்தில் மீசை இல்லை.

மாமா

*

மார்ச் 21

அன்பு மாமா,

உங்கள் கடிதத்தைத் தொட்டியடியில் உட்கார்ந்து படித்தேன். போன கடிதத்தில் எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழி இருக்கிறதா தெரியவில்லை. இருந்தால் வாங்கிக்கொள்கிறேன்.

விடை சரி. பத்துக்கு ஏழு கொடுப்பார்கள். அச்சுகளுக்குப் பெயர் எழுதவில்லை, அதற்குத்தான் மூன்று போயிற்று.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த "எதுவானாலும் சரி" மனிதனின் முகவரியை அத்தை கேட்டிருந்தாரே, நான் போன வருடம் எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ணித்தான் முதலாக வந்தேன், அவன் யார் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. எங்கள் பேராசிரியரிடம் கேட்டேன். "இதெல்லாம் பரீட்சைக்கு வராது, உக்காரும்மா" என்றார். உட்கார்ந்துவிட்டேன். ஆனால் உங்கள் கடிதம் வருகிற நாளில்தான் எனக்கு என் பாடமே ஞாபகம் இருக்கிறது. அதனால் கதைகளை நிறுத்திவிட வேண்டாம். எனக்கு எழுதுங்கள், விடைத்தாளில் எழுதாதீர்கள்.

பரீட்சை அறைக்குச் சில விஷயங்கள். கேள்வியை இரண்டு தடவை படியுங்கள். படத்தைப் பென்சிலில் போடுங்கள், அச்சுகளுக்குப் பெயர் எழுதுங்கள். விடைத்தாள் அட்டையின் அடிப்பகுதியில் பதிவெண் எழுதுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். மிச்சத்தை மேற்பார்வையாளர் பார்த்துக்கொள்வார்.

அம்மாவிடம் சண்டை போட்டேன். ஏன் என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

உங்கள் மருமகள்

*

ஏப்ரல் 17

மருமகளே,

எழுதிவிட்டேன். ஆறு கேள்வியில் ஐந்தை எழுதினேன். முற்றுரிமை வந்தது, நெகிழ்ச்சி வந்தது, நம் தேயிலைச் செடி விதி வந்தது. அதற்கு நீ கொடுத்த வாக்கியத்தை எழுதினேன். ஒரு டிரைவரையும் உள்ளே விடவில்லை. அச்சுகளுக்குப் பெயர் எழுதினேன். பக்கத்து மேசைப் பிள்ளை, "அங்கிள், அடிஷனல் பேப்பரா!" என்று வாயைப் பிளந்தான்.

இதுவரை நல்ல செய்தி.

விடைத்தாள் அட்டையில் பதிவெண் எழுதுகிற அடிப்பகுதி இருக்கிறதல்லவா? அதற்கு மேலே குறுக்காகப் புள்ளி புள்ளியாக ஓட்டை போட்டிருப்பார்கள். திருத்துகிறவருக்கு யாருடைய தாள் என்று தெரியக் கூடாது என்பதற்காக, அதைப் பிற்பாடு அலுவலகத்தில் கிழித்து எடுப்பார்களாம். அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என் கைக்குத் தெரிந்திருக்காது.

கடைசிப் படத்தை முடித்தேன். மூடி வைத்தேன். மேற்பார்வையாளர் அம்மா என் மேசைக்கு வந்து கையை நீட்டினார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. பதிவெண் துண்டு அவர் கையில் இருந்தது. வைத்தது நான். வாய் வேறு, "அடுத்த வண்டி வரலாம்" என்றது.

"ஐயோ! என்ன சார் பண்ணிட்டீங்க?" என்றார் அவர். அறையே திரும்பிப் பார்த்தது.

இப்போது என் விடைத்தாள் பெயரில்லாமல் ஒரு உறையிலும், என் எண் தாளில்லாமல் இன்னொரு உறையிலும் கிடக்கிறது. விடைத்தாள் மாற்றும் முயற்சி என்று சந்தேகித்து அறிக்கை அனுப்பிவிட்டார்கள். மே ஆறாம் தேதி விசாரணை. முறைகேடு என்று முடிவானால் தாள் ரத்து. இது கடைசி வாய்ப்பு என்பது உனக்குத் தெரியும்.

நன்றாக எழுதித் தொலைத்தேன் என்பதுதான் தாங்கவில்லை. மோசமாக எழுதியிருந்தால் இதைக் கொண்டாடியிருப்பேன்.

வீட்டில் காலண்டர் தாளைக்கூட இப்போது உன் அத்தையே கிழிக்கிறாள்.

மாமா

*

ஏப்ரல் 24

அன்பு மாமா,

முதலில் சிரித்துவிட்டேன். மன்னியுங்கள். அப்புறம் இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

விசாரணையில் நடந்ததை மட்டும் சொல்லுங்கள். நான்கே வாக்கியம்: நான் எடைமேடையில் வேலை செய்கிறேன். தினமும் சீட்டைக் கிழித்துப் பாதியை டிரைவரிடம் கொடுப்பேன். அந்தப் பழக்கத்தில் இதையும் கிழித்துவிட்டேன். வேறு நோக்கம் இல்லை.

ஐந்தாவது வாக்கியம் வேண்டாம். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். லாரியில் யாரும் ஆறரை அடி இருக்கக் கூடாது. கூண்டுக்குள் புயல் அடிக்கக் கூடாது. நீங்கள் சொல்லப்போவது நிஜம். ஆனால் உங்கள் வாயிலிருந்து வருகிற நிஜத்தை நானே பாதி விலைக்குத்தான் வாங்குவேன். அவர்களுக்கு நீங்கள் யாரென்றே தெரியாது. சின்னக் குரலில் சொல்லுங்கள்.

இங்கே நாளை எனக்குக் கடைசிப் பரீட்சை. படிக்க உட்கார்ந்தால் உங்கள் கைதான் கண்ணுக்குள் வருகிறது.

உங்கள் மருமகள்

*

மே 7

என் வழக்கறிஞர் அவர்களே,

விசாரணை மண்டபம் ஒரு மைதானம் அளவு இருந்தது. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. நீதிபதிகள் ஒன்பது பேர், ஆளுக்கு ஒரு சுத்தியல்.

சரி, சரி. ஒரு சின்ன அறை. மூன்று பேர். கண்ணாடி போட்ட பேராசிரியர், ஜலதோஷம் பிடித்த பேராசிரியை, குறிப்பெடுக்க ஒரு குமாஸ்தா. மேசைமேல் என் இரண்டு உறைகள்.

நீ சொன்ன நாலு வாக்கியத்தையும் சின்னக் குரலில் சொன்னேன். ஐந்தாவது வாக்கியம் தொண்டை வரை வந்தது, விழுங்கினேன். மருமகளே, ஐம்பத்தொரு வருடமாக நான் விட்ட கதையை எல்லாம் ஊர் ரசித்துக் கேட்டிருக்கிறது. வாழ்க்கையில் ஒரு தடவை அளந்து நிஜம் பேசினேன், மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏங்க, பழக்கதோஷம்னு சொன்னா நாங்க நம்பிடணுமா?" என்றார் கண்ணாடிக்காரர். "இந்தத் தாள் உங்களுதுதான்னு எப்படித் தெரியும்?"

"எழுத்தை ஒத்துப்பார்க்கலாம் சார்" என்றார் அம்மையார், மூக்கைச் சிந்திக்கொண்டே.

ஒரு புது விடைத்தாளை என் முன்னால் வைத்தார்கள். அட்டையை நிரப்பு, உள்ளே ஏதாவது ஒரு பத்தி எழுது என்றார்கள். நான் எழுதினேன். குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாடு. முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்தேன். குமாஸ்தா தாளை வாங்கக் கையை நீட்டினார்.

சர்ர்.

துண்டு அவர் கையில். நான் என் கையைப் பார்த்தேன். அதை அங்கேயே வெட்டிப் போட்டுவிடலாம் போலிருந்தது.

முதலில் குமாஸ்தாதான் குலுங்கினார். அப்புறம் அம்மையார், தும்மலா சிரிப்பா என்று தெரியவில்லை. கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், திரும்பக் கழற்றினார். "தாளைத் திருத்த அனுப்புங்க. இவரை வீட்டுக்கு அனுப்புங்க. இன்னும் கொஞ்ச நேரம் இருந்தார்னா ஆபீஸ்ல ஒரு ஃபைல் மிஞ்சாது" என்றார்.

இதில் எவ்வளவு நம்புவாயோ நம்பிக்கொள். இனி மார்க்குதான் சொல்ல வேண்டும். நான் கூண்டில்தான் இருக்கிறேன்.

மாமா

*

ஜூன் 5

மாமா!

விசாரணைக் கதையை நான் நம்பவில்லை. இரண்டாவது தடவையும் கிழித்தீர்களாம். கொஞ்சமாவது கூச்சம் வேண்டும்.

ஆனால் மார்க்கை நம்பித்தான் ஆக வேண்டும். விடுதி அலுவலகக் கம்ப்யூட்டரில் உங்கள் எண்ணை நான்தான் போட்டுப் பார்த்தேன். பாஸாக நாற்பது வேண்டும். உங்களுக்கு நாற்பத்து மூன்று. பார்த்ததும் நான் போட்ட கத்தலில் வார்டன் ஓடி வந்து, யாருக்கு என்ன ஆச்சு என்றார். "எங்க மாமா ஃபர்ஸ்ட் இயர் பாஸாயிட்டார் மேடம்" என்றேன். "தம்பி நல்லா வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கும் பாஸ். முதலிடம் இல்லை. பரவாயில்லை.

மாடிக்குப் போன முதல் நாளே எழுதுங்கள்.

உங்கள் மருமகள்

*

ஜூன் 16

அன்பு மருமகளே,

இன்று நான் மாடி ஏறினேன். அந்த வைபவத்தைக் காண எட்டுத் திசையிலிருந்தும் லாரிகள் வந்து மூன்று மைலுக்கு வரிசை கட்டின. டிரைவர்கள் எல்லாரும் இருக்கையை விட்டு இறங்கி, முதன்முறையாக முகம் காட்டினார்கள். ஒருவர் நிஜமாகவே ஆறரை அடி. மேனேஜர் படிக்கட்டில் சிவப்புக் கம்பளம் விரித்து, அது சுருங்காமல் இருக்க அதன்மேல் தானே படுத்துக்கொண்டார். "மிதிச்சுட்டுப் போங்க, தப்பா நெனைக்கமாட்டேன்" என்றார். பேண்டு வாத்தியம் ஊதியதில் ஆலையின் புகைபோக்கி ஒரு அடி நகர்ந்துவிட்டது. மேலே என் மேசை ஒரு கப்பல் தளம் மாதிரி. நாற்காலி நாலு பக்கமும் சுழலும். சுழன்று நிற்பதற்குள் டீ நேரம் வந்துவிட்டது.

இதெல்லாம் பொய். மேனேஜர், "வந்துட்டியா? உக்காரு" என்றார். மேசையின் ஒரு கால் ஆடுகிறது, அட்டை மடித்து வைத்திருக்கிறார்கள். நாற்காலி சுழலாது.

ஆனால் ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். உனக்கு மட்டும் சொல்கிறேன், அத்தைக்குச் சொல்லாதே.

பத்து மணி இருக்கும். கீழே எடைமேடையில் ஒரு லாரி ஏறி ஹாரன் அடித்தது. அப்புறம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கீழே நின்றுகொண்டிருந்தேன். கூண்டின் கதவு என் கையில் இருந்தது. உள்ளே என் இடத்துக்கு வந்திருக்கிற புது ஆள் திடுக்கிட்டு எழுந்து, சுவரோடு ஒட்டி எனக்கு வழி விட்டார். இரண்டு பேர் நிற்க அங்கே இடம் கிடையாது.

"உக்காருங்க சார்" என்றார்.

வெளியிலிருந்து ஒரு குரல், "எவ்வளவு?" என்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மெஷின் எண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தது.

"நீங்களே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன், மருமகளே. வெளியே நின்று.

உன் மாமா